மூஞ்சி முக்கியம் அம்மிணி

சாப்ட்வேர் எதுன்னு கேட்டே. சொல்றேன் அம்மிணி. அதுக்கு முன்னால நீ ஒண்ணு சொல்லு. அம்மாயிக்கு எண்பது வயசு ஆவுது, குடும்ப ஆல்பம் போட்டுக் குடுக்கோணும்னு ஆசாரத்துச் சுவத்துல இருந்து ஒரு போட்டோவைக் கழட்டிட்டுப் போனியே, அதுல அம்மாயிக்கு வலப்பக்கம் ஒரு பெரியம்மா போட்டோக்காரனை அடிக்கப்போற தோரணையில நிக்கறாங்களே, அவிய ஆரு? உனக்குத் தெரியாது. உங்கம்மாளுக்கும் தெரியாது. அம்மாயியை உட்டாத் தெரிஞ்சவிய ஊர்ல ரண்டு பேரு. ஒருத்தருக்குக் காது கேக்காது, இன்னொருத்தன் நானு. என்னைய ஒரு பொட்டப்புள்ளையும் கேக்கல. எல்லாரும் சாப்ட்வேரைத்தான் கேக்கறீங்க.

இந்தக் கெழவனுக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்ன தெரியும்னு நெனைக்காதே. தாராபுரத்துல அச்சாபீசுல கம்பாசிட்டரா ஈய எழுத்து கோத்தவன் நானு. ஒரு பக்கத்துல எதை எங்க வைக்கோணும், எத்தனை எடம் சும்மா உடோணும்ங்கறதுல எனக்குப் பாடம் எடுக்க இன்னும் ஒருத்தன் பொறக்கோணும். இப்பவும் மத்தியானமானா அக்கா மகன் ஸ்டுடியோலதான் உக்காந்திருக்கேன். கலை ஆர்வம்னு நெனைச்சுக்காதே, அங்க ஏசி இருக்குது. அங்க டிசைன் பண்ற பையன் கல்யாண ஆல்பம் பண்றதைப் பாத்துப் பாத்தே எனக்கு அந்தத் தொழில் பாதி தெரிஞ்சு போச்சு. விரிச்சா 36 அங்குல அகலம், 12 அங்குல உசரம். அத்தனை எடத்துலயும் பொண்ணு மாப்பிள்ளையை நிம்மதியா நிக்க உடமாட்டான். பொண்ணை நெலாவுக்குள்ள உக்கார வெப்பான். மாப்பிள்ளையைக் கொண்டுபோயி ஈஃபிள் கோபுரத்து ஓரம் நிறுத்துவான். அந்த மாப்பிள்ளை காங்கயத்தைத் தாண்டுனதே கல்யாண ஜவுளி எடுக்கத்தான்.

இப்ப உனக்கும் ஆல்பம் போடற ஆசை வந்திருக்குது. தப்பில்ல. உலகத்துல பெரிய பெரிய ஆளுகளுக்கெல்லாம் இருந்த ஆசைதான். அமெரிக்காவுல மார்க் ட்வைன்னு ஒரு எழுத்தாளர். அவரு 1873-ல பக்கத்துலயே பசை தடவிவெச்ச ஒட்டற புத்தகம் ஒண்ணுக்குக் காப்புரிமை வாங்குனாரு. ஈரம் தொட்டு நனைச்சுப்போட்டுப் படத்தை அழுத்துனாச் சரி, பசைக்கிண்ணம் தேடோண்டியதில்லை. நல்லா வித்துச்சாம். ஒரு எழுத்துக்கூட எழுதாத புத்தகத்துல காசு பாத்த எழுத்தாளரு அவரு. அதே நாட்டுல யூட்டா மாகாணத்துல மார்மன் சபைக்காரங்க வம்சாவளி எழுதி வெக்கறதை மதக் கடமையாவே வெச்சிருக்காங்க. அந்த ஊரு மாரிலென் கிறிஸ்டென்சன்ங்கற அம்மா 1980-ல சால்ட் லேக் சிட்டில நடந்த ஒரு மாநாட்டுல தங்களோட குடும்ப ஆல்பங்களைக் கொண்டுபோயிப் பரப்பி வெச்சாங்க. பாத்தவங்களுக்கு ஆசை தொத்திக்கிச்சு. கடை வந்துச்சு, கத்திரி வந்துச்சு, பூ ஒட்டறதுக்குன்னே தனித் தாளு வந்துச்சு. 12-க்கு 12 அங்குலம் சதுரப் பக்கம்ங்கற அளவும் அந்தத் தொழில்ல நிலைச்சுப் போச்சு. அதைத்தான் இப்ப நீயெல்லாம் கம்ப்யூட்டர்ல பசையில்லாம ஒட்டறே.

நம்மூட்டுச் சுவத்துல தொங்குற சட்டத்தை என்னன்னு நெனைச்சே? ஒரே கண்ணாடிக்குள்ள பதினஞ்சு போட்டோ. பாஸ்போர்ட் சைஸ்ல ஒரு சித்தப்பன், போஸ்ட்கார்டு சைஸ்ல ஒரு கல்யாணம், அம்மணக்கொழந்தையா உங்க மாமன், மூலையில காலண்டர்ல வெட்டுன முருகன், நடுவுல எம்.ஜி.ஆர். அவரு நம்ம சொந்தமான்னு சின்ன வயசுல உங்கம்மா கேட்டா. ஆமான்னு சொல்லி வெச்சேன். டெம்ப்ளேட் இல்ல, டவுன்லோடு இல்ல. கண்ணாடிக்கடைக்காரன் ஆணி அடிச்சதோட வேலை முடிஞ்சுது. ஆனா வந்த ஒறம்பரை அத்தனை பேரும் காப்பி ஆர்ற வரைக்கும் அது முன்னால நின்னுதான் பேசுவாங்க. உன்ற ஆல்பத்தை அப்படி ஒருத்தன் நின்னு பாத்தான்னா நீ ஜெயிச்சே.

மொத வேலை, களையெடுப்பு. நான் அச்சாபீசுல இருக்கறப்ப நோட்டீசுல ஒரு போட்டோ போடோணும்னா கோயமுத்தூருக்கு ஆளனுப்பி துத்தநாகத்துல பிளாக் செஞ்சு வரோணும். சதுர அங்குலத்துக்கு இவ்வளவுன்னு கூலி. தலைவர் படம் போடோணும்னு வர்றவன் கூலியைக் கேட்ட உடனே, தலைவரு மூஞ்சி மட்டும் போதும், தோளு வேண்டாங்கன்னு சொல்லுவான். காசு போனா மனுசனுக்குக் கலையறிவு தானா வந்துரும். உனக்குக் காசு போகல, அதுதான் உன்ற கஷ்டம். போனைத் தொறந்தா ஆயிரக்கணக்குல போட்டோ. அதுல ஒரே மூஞ்சி, ஒரே சிரிப்பு, ஒரே நெலைப்படி. ஒண்ணுல கண்ணு மூடியிருக்குது, ஒண்ணுல கண்ணு தொறந்திருக்குது. அப்பறம் எலையில வெச்ச ஜாங்கிரி. அந்த ஜாங்கிரி எந்தக் கல்யாணத்துதுன்னு கேட்டா முழிப்பே. மூணு தடவை சலிச்சு எடு. ஒரு பக்கத்துக்கு மூணு போட்டோ, மிஞ்சிப்போனா நாலு. கல்யாணத்துக்கு ஒரு பக்கம்தான் எடமிருக்குதுன்னா தாலி கட்டறதையும் இணைச்சீரையும் போடு. இணைச்சீர்ல மாப்பிள்ளையும் அவங்க அக்காளும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருப்பாங்க. அந்த அக்கா மூஞ்சியில இருக்கற பெருமைக்கு எந்த சாப்ட்வேர்லயும் எஃபெக்ட் கெடையாது. மேடையில வரிசையில நின்னு மொய்க்கவர் குடுக்கறதைப் போடாதே. அத மொய் நோட்டுல பாத்துக்கலாம்.

ரண்டாவது, பழைய போட்டோவைக் கம்ப்யூட்டருக்குள்ள கொண்டுவர்றது. இங்கதான் புள்ளைக அவசரப்பட்டு அழிக்கறது. சட்டத்துக்குள்ள வருசக்கணக்கா இருந்த போட்டோ ஈரத்துல கண்ணாடியோட ஒட்டிக்கிட்டிருக்கும். அதை நகத்தால பிச்சீன்னா மூஞ்சி கண்ணாடியில இருக்கும், வெறுந்தாளு கையில வரும். பிக்காதே. கண்ணாடியோடயே ஸ்கேனர் மேல கவுத்து வெச்சு எடு. மத்ததையெல்லாம் அங்குலத்துக்கு 600 புள்ளின்னு வெச்சு ஸ்கேன் பண்ணு. கணக்கு சுளுவு: நல்லா அச்சாக அங்குலத்துக்கு 300 புள்ளி வேணும். 3-க்கு 4 அங்குலப் போட்டோவை 600-ல எடுத்தா 1800-க்கு 2400 புள்ளி வரும். அப்ப 6-க்கு 8 அங்குலம் வரைக்கும் பெருசாக்கலாம். சதுரப் பக்கம் பூரா ஒரே போட்டோ வேணும்னா 3600-க்கு 3600 வேணும். போனுல எடுத்ததுக்கு அந்தக் கஷ்டம் கொறைவு, இப்ப வர்ற போனெல்லாம் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு எடுக்குது.

ஆனா அந்தப் போட்டோ எந்த வழியா வந்துச்சுன்னு பாரு. மாமன் வாட்சப்புல அனுப்புனது, சித்தி அதை ஃபார்வர்டு பண்ணுனது, குடும்பக் குரூப்புல காலை வணக்கத்துக்கும் வாழைப்பூ வைத்தியத்துக்கும் நடுவால வந்து உழுந்தது. சாதாரணமா அனுப்புனா அது போட்டோவைச் சுருக்கி, நீளப் பக்கத்தைச் சுமார் 1600 புள்ளிக்குக் கொண்டுவந்துரும். அச்சுல அது அஞ்சங்குலத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அதைப் போயி பக்கம் பூரா இழுத்தீன்னா அம்மாயி மூஞ்சி கட்டம் கட்டமா வரும், அவளுக்குக் கோவமும் வரும். எல்லாரு கிட்டயும், டாக்குமெண்டா அனுப்புங்கன்னு கேளு. எப்படின்னு மாமனுக்குத் தெரியாது. போயி உக்காந்து சொல்லிக் குடு. அவனும் பேசறதுக்கு ஆளில்லாமத்தான் இருக்கான்.

இனி சாப்ட்வேர். உன்ற அவசரம் தெரியுது.

உனக்குக் கேன்வா போதும். மூஞ்சியைச் சுளிக்காதே, சொல்லி முடிச்சுக்கறேன். ஆஸ்திரேலியாவுல பெர்த் நகரத்துப் பொண்ணு மெலனி பெர்கின்ஸ், படிக்கற வயசுல மத்த புள்ளைகளுக்கு டிசைன் சாப்ட்வேர் சொல்லிக் குடுத்துட்டிருந்தா. எந்தப் பட்டன் எங்க இருக்குதுன்னு கத்துக்கறதுலயே அதுகளுக்குப் பருவம் ஓடிப்போச்சு. அதைப் பாத்துத்தான் 2007-ல பள்ளிக்கூட ஆண்டு மலரை ஆன்லைன்ல புள்ளைகளே பக்கம் கட்டற வசதியா ஃப்யூஷன் புக்ஸ்னு ஒண்ணை, அவளோட அம்மா ஊட்டு முன்னறையில வெச்சு ஆரம்பிச்சா. அதுலருந்து வந்ததுதான் 2013-ல கேன்வா. அப்ப அதோட வேரே, கத்துக்குட்டி போட்டோ அடுக்கறதுதான். உனக்குன்னே செஞ்சது. 12-க்கு 12 அங்குலம்னு அளவை நீயே வெச்சுக்கலாம், காசில்லாமலே பிரிண்டுக்கான பிடிஎஃப் எடுக்கலாம். பின்னால இருக்கற சுவத்தையும் தொவைச்சுப் போட்ட துணியையும் தானா அழிக்கறதுக்கு மட்டும் சந்தா கேக்கும். கட்டாதே. அந்தச் சுவரும் துணியும் போட்டோல இருக்கட்டும், நாப்பது வருசம் கழிச்சு அதைத்தான் எல்லாரும் பாப்பாங்க. ஒரே கொறை, நெட் வேணும், உன்ற படமெல்லாம் அவன் ஊட்டுல இருக்கும். அதனால அசலை ரண்டு எடத்துல தனியா வெச்சுக்கோ. பிக்காசான்னு ஒண்ணை ஊர்ல எத்தனை பேரு நம்பிக்கிட்டிருந்தாங்க! 2016-ல கூகுள் அதை இழுத்து மூடிருச்சு. ஓசியில குடுத்த சாவியை எப்ப வேணா திருப்பிக் கேப்பாங்க.

போட்டோஷாப் வேணும்னு அடம்பிடிப்பே. நோல் அண்ணன் தம்பி ரண்டு பேரு எழுதுனது, 1990-ல கடைக்கு வந்துச்சு. 1994-ல லேயர் வந்துச்சு. அடியில பின்னணி, மேல போட்டோ, அதுக்கு மேல எழுத்து, ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு கெடாது. இன்னைக்கு எல்லா சாப்ட்வேரும் அந்த லேயர்லதான் ஓடுது. ஆனா 2013-லருந்து வந்த பதிப்பையெல்லாம் பணங்குடுத்துச் சொந்தமா வாங்க முடியாது, வாடகைதான். வருசத்துக்கு ஒரு ஆல்பம் போடறவளுக்கு மாசா மாசம் வாடகை எதுக்கு? அதோட தங்கச்சி போட்டோஷாப் எலிமெண்ட்ஸ் 2001-ல வந்துச்சு. அது ஊட்டு ஆளுகளுக்குன்னே பண்ணுனது, டிஜிட்டல் ஆல்பம் போடற அம்மாக்கள் ரொம்ப காலமாக் கையில வெச்சிருந்தது. அதையும் 2025 பதிப்புல இருந்து மூணு வருச உரிமம்னு ஆக்கிப்போட்டாங்க. வாடகைக்காரனுக்குக் குத்தகைக்காரன் தேவலைன்னு நெனைச்சா எடுத்துக்கோ.

கிம்ப் இருக்குது. கலிபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பையனுக ரண்டு பேரு எழுத ஆரம்பிச்சு 1996-ல வெளியிட்டது. காசே இல்ல, 2025-ல மூணாவது பதிப்பும் வந்துருச்சு. ஆனா தொறந்த உடனே பயப்படுவே. அதுல பக்கம் கட்டாதே, வேண்டாத வேலை. போட்டோல இருக்கற கீறல், பூஞ்சைக் கறை, மடிச்ச கோடு இதையெல்லாம் துடைக்க அதுல ஹீல்னு ஒரு தூரிகை இருக்குது. அதை மட்டும் ஒரு மத்தியானம் கத்துக்கோ. கிம்ப்புல துடை, கேன்வாவுல அடுக்கு. இதுதான் என்ற தீர்ப்பு. மேல்முறையீடு உங்கம்மாகிட்டப் போயிப் பண்ணிக்கோ.

துடைக்கறதுன்னா கறையைச் சொன்னேன், மனுசனை இல்ல. இப்ப ஆளையே அழிக்கற வித்தை போனுலயே வந்துருச்சாமே. வரப்புத் தகராறுல பேசாம இருக்கற பெரியப்பனை அழிச்சுப்போடலாம்னு உன்ற தம்பி ஒரு யோசனை சொன்னானாம். அழிக்கட்டும். ஆனா உங்கப்பன் தோள் மேல கெடக்கற அந்தக் கை ஆரு கைன்னு அடுத்த தலைமுறை கேட்டா என்ன சொல்லுவான்? கறுப்பு வெள்ளைக்குக் கலர் ஏத்தற வித்தையும் அப்படித்தான். கம்ப்யூட்டருக்குத் தெரியாட்டி அதும்பாட்டுக்கு ஒரு நெறத்தைப் பூசிட்டுப் போயிரும். அம்மாயி அன்னைக்குக் கட்டியிருந்தது மாம்பழக் கலருல அரக்குக் கரை. பக்கத்துலயே உக்காந்திருக்கா, கேட்டுப்போட்டுப் பூசு. இல்லாட்டி கறுப்பு வெள்ளையாவே உடு.

பக்கம் அடுக்கறதுக்கு நீ வகுப்புக்கெல்லாம் போகோண்டாம். வாழையெலையில பந்தி பரிமாறுனதைப் பாத்திருக்கேயில்ல? உப்பும் ஊறுகாயும் மூலையில துளியூண்டு. பொரியல், கூட்டு மேல்பக்கத்துல. கீழ்ப்பக்கம் பூரா சும்மா கெடக்கும், சோறு வந்து உழுக. எடம் கெடக்குதேன்னு அங்கயும் நாலு ஊறுகாயை வெச்சா உண்ணறவன் எந்திரிச்சுப் போயிருவான். பக்கத்துக்கு ஒரு பெரிய போட்டோதான் சோறு. மத்தது ஓரத்துல. அந்த மினுமினுப்பு, இதயம், பட்டாம்பூச்சி, ரிப்பன், கிழிஞ்ச தாளு ஓரம், இதெல்லாம் ஊறுகாய். ஒரு பக்கத்துல எது மொதல்ல கண்ணுல படுதுன்னு அம்மாயிகிட்டக் காட்டு. பட்டாம்பூச்சின்னு சொன்னா அழிச்சுப்போட்டு மறுபடி பண்ணு. போட்டோவெல்லாம் சாய்ச்சுச் சாய்ச்சு வெக்கறதையும் உட்டுரு. ஏற்கெனவே கழுத்து வலி அவளுக்கு.

எழுத்துக்கு வருவோம், அது என்ற ஏரியா. கூகுள்ல காசில்லாத தமிழ் ஃபான்ட் நெறையா இருக்குது. மீரா இனிமை, பலூ தம்பி, பவனம். பேரைக் கேட்டா பொண்ணு, மாப்பிள்ளை, கல்யாண மண்டபம்னு பத்திரிகையே அடிக்கலாம். ஒரு ஆல்பத்துக்கு ரண்டு ஃபான்ட், அதுக்கு மேல போகாதே. யூனிகோடு ஃபான்ட்டாவே எடு. ஸ்டுடியோக்காரன் பாமினியோ வானவில்லோ வெச்சு அடிப்பான். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல தொறந்தா உன்ற பாட்டன் பேரு இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா நிக்கும். பழைய போட்டோஷாப்ல யூனிகோடு அடிச்சா கொம்பு ஒரு பக்கம், காலு ஒரு பக்கம் ஓடிரும். அடிச்சதை ஒரு தடவை சத்தம் போட்டுப் படிச்சுப் பாரு. ஈய எழுத்துக் காலத்துல புரூஃப் பாக்காம ஓட்டுன பத்திரிகையால ரண்டு குடும்பம் பேச்சு நின்ன கதையெல்லாம் இருக்குது.

என்ன எழுதறதுன்னு கேக்கறயா? பேரு, மொறை, ஊரு, வருசம். 'இனிய நினைவுகள்'னு எழுதாதே. பாக்கறவனுக்கு இனிக்குதா கசக்குதான்னு அவன் பாத்துக்குவான். மொறையை நம்ம மொறையா எழுது. அம்மாவோட அம்மா அம்மாயி, அப்பாவோட அம்மா ஆத்தா. அப்புச்சி வேற, அப்பாரு வேற. 'அங்கிள்'னு போட்டீன்னா அந்தாளு மாமனா பங்காளியா? சீர் எடுத்துட்டு வந்தவனா, சொத்துல பங்கு கேட்டவனா? பெரிய வித்தியாசம் இருக்குது சாமி. வருசம் தெரியாட்டி பெரியவங்க கிட்ட வருசத்தைக் கேக்காதே, சொல்லத் தெரியாது. எம்.ஜி.ஆர். மொதத் தடவை முதலமைச்சர் ஆனதுக்கு முன்னாலயா பின்னாலயான்னு கேளு, டக்குனு சொல்லுவாங்க. 1977-ஐ வெச்சு நீ கணக்குப் போட்டுக்கோ. போட்டோவுக்குப் பின்னால ஸ்டுடியோ முத்திரை இருக்குதான்னும் பாரு. பேசறதையெல்லாம் போனுல ரெகார்டு பண்ணிக்கோ, திருப்பித் திருப்பிக் கேட்டா எனக்கே கோவம் வரும். அந்தப் பெரியம்மா ஆருன்னு கேட்டேனில்ல, அவிய அம்மாயியோட அத்தை. அவிய மொறைச்சுட்டிருக்கறது போட்டோக்காரனை இல்ல, அவனுக்குப் பின்னால நின்னு அம்மாயியைச் சிரிக்க வெச்சுட்டிருந்த என்னைய. இதைய எந்த சாப்ட்வேருல தேடி எடுப்பே?

அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னால லேப்காரன் கிட்ட அளவு, ஓரம், எந்த ஃபைல் வேணும்னு கேட்டுக்கோ. வெட்டு வாங்கறதுக்குச் சுத்தி 3 மில்லிமீட்டர் பின்னணி மிச்சமா ஓடோணும். வெட்டுற ஓரத்துக்கு ஒட்டி எழுத்தோ தலையோ வேண்டாம். நடு மடிப்புல ஆரு மூஞ்சியையும் வெக்காதே, அங்க உழுந்தவன் ஆயுசுக்கும் ஒத்தைக் கண்ணனாத்தான் இருப்பான். அப்படி ஆரையாச்சும் வெச்சுத்தான் ஆகோணும்னா அந்த வரப்புக்காரப் பெரியப்பனை வெய்யி, எனக்கு ஆட்சேபனை இல்ல. மொதல்ல ஒரே ஒரு பக்கம் அடிச்சுப் பாரு. உன்ற ஸ்கிரீன் வெளிச்சத்துல பளிச்சுனு இருக்கறது தாளுல இருட்டடிச்சு வரும். வந்தா கொஞ்சம் வெளிச்சம் ஏத்திப்போட்டு அப்பறமா மொத்தத்தையும் குடு.

எழுத்து மட்டும் 14 பாயிண்டுக்குக் கொறையாமப் போடு அம்மிணி. அம்மாயிக்குக் கண்ணுல பொறை உழுந்திருக்குது, எனக்குக் கண்ணாடி மாத்தி ரொம்ப நாளாச்சு. ரண்டு பிரதியா அடி. ஒண்ணு மட்டும்னா அவ எனக்குக் குடுக்கமாட்டா.